சாக்சபோன்காரரின் அம்மா

12 ஒக்டோபர், சனி

மடிக்க வேண்டிய துணி பக்கத்தில் குவிந்து கிடக்க, எழுத உட்கார்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். பாலைவன மண்ணை அள்ளிவரும் சிரோக்கோ காற்று. நான் வேலை செய்யும் வீட்டில் காலையில் துடைத்த ஜன்னல். மத்தியானம் மறுபடியும் செம்மண்.

நான் ஞாயிறுகளில் கற்பிக்கும் தமிழ்ப் பள்ளியின் விழாவுக்கு, என் மாணவி நிலா (9 வயது) பேச ஒரு பேச்சு எழுதவேண்டும். புலவர்கள், தலைவர்கள் எல்லோரும் போன வருடமே தீர்ந்துவிட்டார்கள். ஒரு ஜாஸ் சாக்சபோன்காரரை எடுத்தேன். உலகம் அறிந்தவர். நான் அயன் பண்ணும்போது அந்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, போடுவது அவருடைய இசைதான். அவளுடைய மகளின் புத்தகத்தில் அவர் கதை இருந்தது.

எழுதியது:
– அப்பா இல்லை. அம்மா பிறர் வீடுகளில் தரை துடைத்தார்.
– ஒரு வீட்டில் எறிய வைத்திருந்த சாக்சபோனை அம்மா கேட்டு வாங்கி வந்தார்.
– உடைந்த இடங்களுக்கு ரப்பர் வளையம் போட்டு மகன் ஊதினார். அயலார் திட்டினார்கள்.
– பிறகு உலகமே கேட்டது. ஒரே பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரி வாசித்ததில்லை.

பரவாயில்லை. எனக்கே பிடித்திருக்கிறது.

13, ஞாயிறு

சீசா என்று நாங்கள் சொல்லும் தேவாலயத்தின் மண்டபத்தில் வகுப்பு. பள்ளிப் பொறுப்பாளர் மாஸ்டர், சிவப்புப் பேனையோடு. தரை துடைத்த வரி போயிற்று. சாக்சபோன் இப்போது 'ஒரு பெரியவர் பரிசளித்தது'.

"எந்தப் பெரியவர், மாஸ்டர்?"

"ஆரோ ஒரு பெரியவர். பிள்ளையளுக்கு அது காணும்."

"அம்மாவை ஏன் எடுத்தனீங்கள்?"

"விழாவை வீடியோ எடுக்கிறம். கசட் எல்லாம் ஊருக்குப் போகும். இஞ்சை என்ன வேலை எண்டு ஒவ்வொருத்தரும் அங்கை என்னென்ன எழுதியிருக்கினமோ? எங்களுக்கேன் வம்பு, பிள்ளை."

"ஓம், மாஸ்டர்" என்றேன். எப்போதும் ஓம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. வாயில் இருப்பது அந்த ஒரு சொல்.

16, புதன்

நிலா வீட்டில் ஒத்திகை. பேருந்து வரவில்லை, நடந்து போனேன். கால் வலி.

வரிகளை வெட்டியதில் நிலாவுக்குச் சந்தோஷம். "நல்லது டீச்சர், பாடமாக்கக் குறைவு." பிறகு, "அவரின்ர அம்மாவுக்கு என்ன நடந்தது? மோர்த்தா? செத்துப் போனவவோ?"

அவளுடைய அம்மா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றியபடியே: "வேலையிலை எனக்கு வெக்கமில்லை, டீச்சர். ஆனா தரை துடைச்சவ எண்டு இவள் மேடையிலை சொல்ல, வீடியோக்காரன் நேரா என்ர மூஞ்சையைத்தான் பிடிப்பான்!"

எல்லோரும் சிரித்தோம். நானும். திரும்பி வரும் வழியெல்லாம் எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை.

18, வெள்ளி

மழை. கொழும்பிலிருந்து அப்பாவின் கடிதம். 'விழாக் கசட்டை மறக்காமல் அனுப்பு. மகள் அங்கே நூலகத்தில் வேலை என்று அயலுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பார்க்க வருவார்கள்.'

நூலகம் என்று எழுதியது நான்தான். புத்தகங்களோடு வேலை என்று. சிஞ்ஞோராவின் புத்தக அலுமாரியில் செவ்வாய்தோறும் தூசி தட்டுகிறேன், அதுதான் அந்த வேலை.

ஐந்து நாளாக மாஸ்டர் மேல் கோபம். அவர் சிவப்புப் பேனையால் வெட்டினார். நான் நீலப் பேனையால்.

20, ஞாயிறு

விழா அடுத்த ஞாயிறு. வகுப்புக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே போனேன். மாஸ்டர் தனியாகக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் அடுக்கினேன். மூன்று வரிசை முடிந்தது.

"என்ன பிள்ளை, ஏதோ கதைக்க வந்த மாதிரிக் கிடக்கு?"

இல்லை என்று தலையாட்டினேன். நான்காவது வரிசை. பிள்ளைகள் படியேறும் சத்தம். அப்போதுதான் சொன்னேன்:

"அம்மாவைத் திருப்பிப் போடுங்கோ, மாஸ்டர். தரை துடைச்சதையும், சாக்சபோன் கொண்டு வந்ததையும். நிலா அதைச் சொல்லேக்கை வீடியோவை அவளின்ர அம்மாவிட்டைத் திருப்ப வேண்டாம். என்னைப் பிடிக்கச் சொல்லுங்கோ."