கத்தரி பட்ட துணி

பேரப்பிள்ளைகளின் பழந்துணி மூட்டையைத் திறந்ததும் செம்மறிக் கம்பளி மணம். நீ வந்து பக்கத்தில் இருந்தது போலிருந்தது. நீ முதலில் கேட்பது பிள்ளைகளைத்தானே, சொல்கிறேன். என் மகளின் இரட்டையரில் பெடியன் பொறியியல் படிக்கிறான். பெட்டை தாதிப் படிப்பில் வகுப்பிலேயே முதலாவது. மகனின் கடைக்குட்டி நீச்சலில் பதக்கம் வாங்கியிருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைச் சொல்லச் சொல்ல வாய் நோகாது.

தையல் தொழிற்சாலையில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மெசின். வேலை விட்டு வந்ததும் பார்க் எக்ஸ்டென்ஷனில் உன் வீட்டு இரும்புப் படிக்கட்டில் நூலின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை இடுப்புப் பட்டியில் பூட்டி, பின்னால் சாய்ந்து நெய்வாய். பொலிவிய மலையில் உங்கள் ஆட்கள் பிள்ளையை முதுகில் கட்டும் துணி. "என்ர உடம்புதான் தறி, அக்கா" என்பாய். 'அக்கா' மட்டும் தமிழ். மிச்சம் நம் இருவரின் அரைகுறைப் பிரெஞ்சு.

இரட்டையர் பிறந்தபோது அப்படியொன்றைத் தந்தாய். ஒருவருக்கு வஞ்சகம் செய்யக்கூடாதென்று நான் அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினேன். பெருமையாகக் காட்டவும் வந்தேன். நீ வெட்டு வாயைத் தடவினாய்.

"நாலு கரையும் முடிஞ்சுதான் இது தறியால இறங்கும். நாங்கள் கத்தரி வைக்கிறேல்லை, அக்கா."

ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு நீயே நூல் கொண்டுவந்து, இரண்டு வெட்டுக்கும் புதுக்கரை நெய்து கட்டினாய்.

நீ கண்ணை மூடிய பிறகு இது முதல் பனி. ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யிலிருந்து உன் மகள் போன் எடுத்தாள். அவளுக்கு நிறைமாதம். நீ நெய்த மற்றதெல்லாம் ஊருக்குப் போய்விட்டதாம்.

"அம்மாவின்ர துணி ஏதும் உங்களிட்ட இருக்கோ?"

இல்லை என்றுவிட்டேன். வெட்டியதை எந்த முகத்தோடு கொடுப்பது? இரண்டு நாளாக மூட்டையைத் திறந்து அந்த இரண்டு துண்டையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். தாதி படிக்கும் பேத்திதான் கண்டுபிடித்துவிட்டாள்.

"பொய் சொன்னீங்களோ, அம்மம்மா? எங்கட ரெண்டையும் பொருத்திக் குடுங்கோ. எங்களுக்கென்ன, நாங்கள் இனித் தொட்டில்லயோ படுக்கப்போறம்?"

மெசினில் வைக்கவில்லை, நீ கட்டிய இரு கரைகளையும் சேர்த்துக் கையால் தைத்தேன். என் தையல் கோணல். உன் கரை நேர். நேற்று உன் மகளுக்குத் தபாலில் போட்டேன். வெட்டியது நான்தான் என்றும், இல்லையென்றது பொய் என்றும் எழுதி வைத்தேன். கீழே ஒன்று கேட்டிருக்கிறேன்: பிள்ளை பிறந்ததும் அதில் முதுகோடு கட்டிப் படமெடுத்து, போனில் அனுப்பாமல் தபாலில் போடு மகளே. பின்பக்கமாக எடு. அந்தப் பொருத்து தெரியவேண்டும்.