மைக்கை ஏற்ற வேண்டாத இரண்டு நிமிடம்

வயலின் பெட்டியில் ரோசின் கட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். வில்லில் தேய்க்கிற அந்தப் பிசின் கட்டி கிடைக்கவில்லை. வெல்வெட் துணிக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள் கிடைத்தது. பிரிப்பதற்கு முன்பே என்னவென்று தெரிந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் உன் கையில் நான் கொடுத்திருக்க வேண்டிய தாள். ரோசின் வாடை ஏறி, மடிப்புகளில் பழுத்துப் போயிருக்கிறது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இனிமேல் இதை யாரிடம் கொடுப்பது?

கடலூரில் பாதிப் பேருக்கு நீ ரேடியோ செட்காரர். எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்து இடத்துச் சிநேகிதன். நான் வயலின் கற்றுக்கொண்டு சிதம்பரத்தில் ஒரு இசைக் கல்லூரியில் வாத்தியாரானேன். நீ முதுநகரில் சவுண்ட் சர்வீஸ் வைத்தாய். மாதா கோயில் தேர், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் உன் ஸ்பீக்கர் பாக்ஸ்தான் போகும்.

ஒரு முகூர்த்த நாளில் உன்னோடு திருவந்திபுரம் வந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? வரிசையாக மண்டபங்கள், மண்டபத்துக்கு ஒரு கல்யாணம், கல்யாணத்துக்கு ஒரு மேளம். மற்றவர்களெல்லாம் குழாயைத் தெருவைப் பார்த்துக் கட்டியிருக்க, நீ மட்டும் பாக்ஸை உள்பக்கமாகத் திருப்பி வைத்தாய். பெண்ணின் அப்பா எகிறிக்கொண்டு வந்தார்.

"தெருவுக்குக் கேக்க வேணாமாய்யா?"

"பக்கத்து மண்டபத்துலயும் தாலி கட்டறாங்க மாமா. அவுங்க மேளம் அவுங்களுக்குக் கேக்கணும்ல? ஜாஸ்தி வச்சா ரெண்டு பேருக்குமே ஒண்ணும் கேக்காது" என்றாய். அவர் உனக்கு மாமாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அடங்கிப் போய்விட்டார். ஒலியைப் பற்றி என் கல்லூரியில் யாரும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

2007-இல் சிதம்பரத்தில் அந்த மூன்று நாள் விழா வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சங்கீதக்காரர்களும் நம் பக்கத்து வித்வான்களும் ஒரு வாரம் ஒன்றாகத் தங்கி, பேசி, சண்டை போட்டு, இரண்டு சங்கீதமும் சேர்ந்த புதிய உருப்படிகளை உண்டாக்கி வாசிப்பது என்று ஏற்பாடு. உள்ளூர்ப் பொறுப்பு எனக்கு. ஒரு உருப்படியில் வாசிக்கவும் வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் ஓட்டலில் இட்லியைக்கூட நான் இங்கிலீஷில்தான் கேட்டேன்.

சவுண்டுக்கு உன்னைக் கூப்பிட்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினாய். கச்சேரிக்கு முன்னால் என்னைத் தனியாக அழைத்தாய்.

"மச்சான், இது எப்புடிப் போவும்னு ஒரு வார்த்த சொல்லிடுடா. எங்க ஏத்தணும், எங்க எறக்கணும்?"

"நீ மைக்க வச்சிட்டு ஒக்காரு, போதும். இதெல்லாம் ஒனக்கு வெளங்காது."

தாள் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. அந்த உருப்படியை அமைத்த வெளிநாட்டு அம்மையார் சவுண்ட்காரருக்கென்றே எழுதிக் கொடுத்தது. அதில் ஸ்வரக் குறிப்பு ஒன்றும் கிடையாது. எத்தனையாவது நிமிடத்தில் என்ன வரும், அப்போது மைக்கை என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். இங்கிலீஷில் இருந்ததை உனக்குத் தமிழில் சொல்ல ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்கும்.

மாலையில் மேடையில் மூன்று பேர்: செல்லோ என்ற பெரிய வயலினை வாசித்த வெளிநாட்டுப் பெண், வீணை வாசித்த அம்மாள், நான். பாதியில் வீணை நின்றுவிடும். அதன்பின் இரண்டு நிமிடம் செல்லோவும் வயலினும் மட்டும். வில் தந்தியில் பட வேண்டும், ஆனால் ஸ்வரம் வரக்கூடாது. மூச்சு விடுகிற மாதிரி ஒரு ஒலி மட்டும் வரவேண்டும். அந்தப் பெண் அப்படித்தான் வாசித்தாள். மின்விசிறிச் சத்தத்தில் அது யாருக்கும் எட்டவில்லை.

உன் இடத்திலிருந்து பார்த்தால் மேடையில் இரண்டு வில் நகர்கிறது, பாக்ஸில் ஒன்றும் வரவில்லை. எந்தச் சவுண்ட்காரன் சும்மா உட்கார்ந்திருப்பான்? ஏற்றினாய். இன்னும் ஏற்றினாய். பிறகு குனிந்தபடி மேடைக்கு ஓடிவந்து செல்லோ மைக்கில் காதை வைத்தாய். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாய். அப்புறம் விரலால் தட்டினாய். டொக், டொக். உடனே பாக்ஸ் இரண்டும் ஊளையிட்டன. முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டது, பின்வரிசை சிரித்தது. நீ மைக்கைச் சட்டென்று திருப்பியதும் ஊளை அடங்கியது.

"கல்யாணத்துக்கு செட்டு கட்டறவனக் கூட்டியாந்தேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் என் மைக்கையும் நீ ஏற்றி வைத்திருந்தாய். நான் முணுமுணுத்தது உன் பாக்ஸ் வழியாகவே மண்டபம் முழுக்கக் கேட்டது. வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம்.

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். போய் சவுண்ட் மிக்சர் முன்னால் உட்கார்ந்து மிச்சத்தையும் ஒழுங்காக முடித்துக் கொடுத்தாய்.

கச்சேரி முடிந்ததும் தாளை எழுதிய அந்த அம்மையார் என்னிடம் வந்து, அவரிடம் தாளைக் கொடுத்தீர்களா என்று கேட்டார். "கொடுத்தேன், அவருக்குப் புரியவில்லை" என்றேன். பொய் யோசிக்காமலே வந்தது. நீ பத்தடி தள்ளி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாய். இங்கிலீஷில் சொன்னதால் உனக்குப் புரிந்திருக்காது என்று இத்தனை நாளும் என்னைத் தேற்றிக்கொண்டு வருகிறேன்.

மறுநாளைக்கு வேறு ஆளை எப்படி வைப்பது என்று நான் தயங்கி நிற்க, நீயே முடித்து வைத்தாய். "வேற ஆள வச்சிக்கோங்க சார். பாக்ஸ் இங்கயே இருக்கட்டும், நாளைக்கு வேணும்ல."

சார். அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் சார்தான். "வாங்க சார், டீ சாப்புடறீங்களா?" சிரித்த முகம்தான். கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி, சண்டை போட்டு, சமாதானமாகியிருப்பேன். மரியாதை கொடுக்கிறவனிடம் என்ன சண்டை போடுவது? தாள் விஷயத்தை அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு தடவையும் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். 2011 கடைசியில் அடித்த தானே புயல் உன் கடைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது வந்தேன். நனைந்த பாக்ஸ்களை வெயிலில் வரிசையாகக் காயவைத்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் யாரும் இல்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். புயலைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் நெஞ்சுவலி என்று போன் வந்தது.

கருமாதி அன்று உன் மனைவி என்னிடம் வந்தாள்.

"அந்த வெளிநாட்டுக் கச்சேரியப் பத்தி அடிக்கடி சொல்வாருங்க சார். மைக்குல காத வச்சப்ப கேட்டுச்சாம். அந்தப் பொண்ணு மூச்சு வுடற மாதிரி வாசிச்சுதாம். 'அவ்ளோ பேரு ஒக்காந்திருந்தாங்க, எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. அவுங்களுக்கும் கேக்க வச்சிரலாம்னு பாத்தேன், கெட்டுப் போச்சு. அத எப்புடி வாசிக்கிறாங்கன்னு மச்சானக் கேக்கணும்டி'ன்னு சொல்வாரு. கேட்டாரா சார்?"

இல்லை என்று தலையாட்டினேன். வீட்டில் கடைசிவரை நான் மச்சானாகவே இருந்திருக்கிறேன். என் முகத்துக்கு நேரேதான் சார்.

தாளைப் பிரித்துப் பார்த்தேன். ஏழாம் நிமிடத்துக்கு நேரே அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறது: மிக மெல்லிய ஒலி, இரண்டு நிமிடம், மைக்கை ஏற்ற வேண்டாம். இந்த ஒரு வரியைத்தான் உனக்கு விளங்காது என்று பையில் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மையாருக்கு இன்றைக்கு எழுதிப் போட்டுவிட்டேன். தாளை நான் கொடுக்கவில்லை, பொய் சொன்னேன், அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்ட ஒரே ஆள் சவுண்ட்காரர்தான் என்று.

எழுதி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது மத்தியானக் கரண்ட் கட். விசிறி நின்றது, தெருவில் தண்ணீர் மோட்டார்கள் நின்றன. வயலினை எடுத்தேன். முதலில் கீச்சென்றது. பத்துப் பன்னிரண்டு தடவை கீச்சென்றது. பிறகு மெல்ல வந்தது, மூச்சு மாதிரிதான். நீ சொன்னது சரி.

எப்படி வாசிக்கிறார்கள் என்று கேட்க நினைத்தாய் அல்லவா? அன்றைக்கு எனக்கே தெரியாது, மச்சான். கீச்சென்று கேட்டால் மானம் போய்விடும் என்று பயந்து, வில்லைத் தந்தியில் படவிடாமல் அந்த இரண்டு நிமிடமும் வெறும் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தேன். செல்லோவிடம் போன நீ என் மைக்கில் காதை வைத்திருந்தால், அங்கேயே கண்டுபிடித்திருப்பாய்.