குறை சொன்னதால் வந்த வேலை

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை விடாம போடு, என்னைத் திட்டத் தெம்பு வேணுமில்ல?

நான் காவல் காக்குற கட்டடத்துல, கம்ப்யூட்டரை ஓட வைக்கிற மென்பொருளைக் கூடிச் செஞ்சு உலகத்துக்கே இலவசமாத் தர்றாங்க. முன்னாடி ஹால் நிறைய ஆளுங்க. சம்பளம் தேடிப் போனவங்க போக இப்ப மூணே பேர்.

நான் சும்மா இருக்காம, திரையைப் பார்த்து "தமிழ் எழுத்து எறும்பு மாதிரி இருக்கே"ன்னு வாயை விட்டேன். இங்க குறை சொன்னவன்தான் அதைப் பார்த்துக்கணுமாம். இப்ப நான் படிச்சுச் 'சரி' சொன்னாத்தான் மென்பொருள் தமிழ்ல வெளிய போகும்.

பேத்தி கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். அந்த மூணு பேர்ல ஒரு என்ஜினியர் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிச்சு. "நீங்களும் போயிட்டா இதுலேர்ந்து தமிழையே எடுத்துடணும் தாத்தா. உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல இதுதான் ஓடுது. வேற ஆள் குடுத்துட்டுப் போங்க." யாரைக் கூப்பிட்டாலும் ஓடுறான்.

படிக்கிறதுக்கு என் பெரிய மூக்குக் கண்ணாடியை அனுப்பு. உன் தலகாணி உறை ஒண்ணும் வை. துவைக்காதே, உனக்கெதுக்கு வேலை?

குறை சொல்றதுல உன்னை மிஞ்ச ஆளில்ல. நீ வந்தா அரை நாள்ல என் வேலை உனக்கு வந்துடும், நான் தப்பிச்சுடுவேன். ஆனா வந்துடாதே. அப்புறம் உன்னை யார் மீட்கிறது?

ஷிப்ட்டுக்கு நேரமாச்சு.

மாட்டிக்கிட்ட உன் கிழவன்