மருந்தில்லாத ஒரு ரவை

ஒக்டோபர், சனி இரவு.

மனைவி வசந்தியின் போட்டித் துப்பாக்கிக்கு இம்முறை மெதுவாக எரியும் வெடிமருந்தைத் தேர்ந்தெடுத்தேன். அதிலிருந்து வாயு கூடுதலாக வரும். துப்பாக்கி முனையிலுள்ள துளைகள் வழியே அது மேல்நோக்கிப் பாய்ந்து, முனை துள்ளாமல் அமுக்கிவிடும். நேற்று கராஜில் வெற்றுக் கோதுகளில் மருந்து நிரப்பி, குண்டு பொருத்தி ஐம்பது ரவைகள் செய்தேன். நடுவில் ஃபோன் வந்தது. கதைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

இன்று சுடுதளத்தில் அவள் ரவைகளை எடுத்தபோதுதான் அது உறைத்தது.

“பொறும் வசந்தி, சுட வேண்டாம்.”

“ஏனப்பா?”

“ஒரு கோதுக்கு மருந்து போட்டனோ எண்டு சந்தேகமாக் கிடக்கு.”

மருந்தில்லாவிட்டால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி அவள் கையிலேயே வெடிக்கும்.

சுடாமலே திரும்பினோம். வீட்டில் ஐம்பதையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் மருந்தே இல்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“இனி மருந்தை நானே போடுறன். நீங்கள் பக்கத்தில இருந்து பாருங்கோ.”

குரலில் கோபமில்லை. ஓம் என்றேன். இத்தனை வருடமாக நான் மட்டும் செய்த வேலை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் இன்றைக்கு நித்திரை வரும்.