மேற்குச் சுவரில் ஒரு மான்

சாத்தாங்காடு
5.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் குழந்தை சைமாவும் மாமாவும் நலம். போனில் பேசினால் உங்கள் ரூமில் இருக்கிற எட்டுப் பேரும் கேட்பார்கள், நீங்களும் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவீர்கள். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

புது வீட்டு ஹால் சுவருக்கு அத்தாவுல்லா பாய் கடையில் மூன்று நாள் ஏறி இறங்கி, வெள்ளையில் சின்னச் சின்னப் பச்சை இலை போட்ட டைல்ஸ் எடுத்து வைத்தேன். தங்கச்சி பிரசவத்துக்காக மாமாவையும் சைமாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தண்டையார்பேட்டை போய் வந்தேன். கதவைத் திறந்தால் சுவர் முழுக்க அருவி கொட்டுகிறது. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மயில். இன்னொரு பக்கம், தலையைத் தூக்கி நம்மையே பார்க்கிற மான்.

டைல்ஸ் ஒட்டிய சுயம்பு மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன். "உங்க வூட்டுக்காரரு போன் பண்ணி மாத்தச் சொல்லிட்டாரும்மா. வூடு அவர்துதானே" என்றார்.

அது எந்தச் சுவர் தெரியுமா? மேற்குச் சுவர். முழங்கால் வலியால் பள்ளிவாசலுக்குப் போக முடியாத மாமா, உங்கள் அத்தா, நாற்காலி போட்டு ஐந்து வேளையும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் தொழவேண்டும். உருவப்படத்துக்கு முன்னால் எப்படித் தொழுவார்? உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கு நேராக மானின் கண். "இன்னாம்மா இது, அல்லாவாண்ட பேசச் சொல்லோ இது என்னியே பாத்துகினு கீது" என்று நாற்காலியை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் தொழுகிறார்.

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் மேற்கு. இது சைமாவுக்கே தெரியும். ஆனால் இந்த வீட்டில் ஒரு வேளைகூடத் தொழாத உங்களுக்கு எந்தச் சுவர் எது என்று எப்படித் தெரியும்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மலிகா

தம்மாம்
19.10.2024

அன்பு மலிகாவுக்கு,

வ அலைக்கும் சலாம். உன் கடிதம் கிடைத்தது. நலம் என்று ஒரு வரி, மீதி முழுக்கத் திட்டு.

திசை தவறியது என் பிழைதான். அத்தாவுல்லா அனுப்பிய போட்டோவில் அதைக் கிழக்குச் சுவர் என்று நினைத்துவிட்டேன். அதற்காக ஊரைக் கூட்ட வேண்டுமா? நல்ல கெட்டித் துணியில் ஒரு ஸ்கிரீன் வாங்கிப் போடு. அத்தா தொழும்போது மூடு, முடிந்ததும் திற. இலை இலையாய் டைல்ஸ் ஆஸ்பத்திரியில் இருக்கும். பதினோரு வருஷம் இந்தச் சவூதி வெயிலில் வெந்தவன், என் வீட்டில் எனக்குப் பிடித்ததாக ஒரு சுவர் இருக்கக்கூடாதா?

சைமாவுக்கு முத்தம்.

மஹீன்

சாத்தாங்காடு
2.11.2024

மச்சானுக்கு,

ஸலாம். ஸ்கிரீன் போட்டேன். ஃபேன் போட்டதும் அது விலகி மான் எட்டிப் பார்த்தது. ஃபேனை நிறுத்தினால் மாமாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. துணியின் ஓரத்தில் செங்கல் கட்டித் தொங்கவிட்டேன். அப்போதும் அவர் வரவில்லை. "அது பின்னால கீதுன்னு எனக்குத் தெரியுமேம்மா" என்கிறார். அந்த மனுஷன் வாய்விட்டு ஒரு குறை சொன்னதில்லை. மகன் ஆசையாகப் போட்டதாம், இருக்கட்டுமாம். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

என் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்பு ஏற்றிய லாரி போகும்போதெல்லாம் வந்து படிகிற தூசியைத் துடைக்கிறவள் நான். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவளும் நான்தான். அஸ்திவாரத்திலிருந்து மேஸ்திரிக்கு டீ போட்டுக் கொடுத்து நின்று கட்ட வைத்தது யார்? கடைசியில் என் கண்ணுக்கு முன்னால் இருக்கிற சுவரை அத்தாவுல்லா பாயும் நீங்களும் போனில் முடிவு பண்ணுகிறீர்கள். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தாலும் அது நான் எடுத்தது.

நேற்று சுயம்பு மேஸ்திரியைக் கூப்பிட்டு முழுச் சுவரையும் உடைத்துவிட்டேன். அவர் மயிலையாவது விட்டுவிடலாம் என்று கெஞ்சினார். முதல் அடி நான்தான் அடித்தேன். ஒரு டைல்ஸும் முழுசாக வரவில்லை. உடைசல் மட்டும் ஏழு மூட்டை.

கோபம் வந்தால் வரட்டும்.

மலிகா

தம்மாம்
3.11.2024

என் அன்பு மலிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன கடிதத்தைக் கோபத்தில் எழுதிவிட்டேன். அனுப்பிய அன்றிலிருந்து மனசு சரியில்லை. உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

இங்கே எனக்கு மேல் கட்டில். ஜன்னல் கிடையாது. தலைமாட்டுச் சுவரில் எனக்கு முன்னால் படுத்தவன் ஒரு காலண்டர் படம் ஒட்டிவிட்டுப் போனான். அருவி, மயில், மான். பதினோரு வருஷமாகக் கண் விழித்தால் அதுதான். ஊருக்கு லீவில் வந்தால் இரண்டு மாதமும் எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. உன்னிடம் சொன்னதில்லை. பழைய வீட்டில் எல்லாம் நீ எடுத்தது, நீ வைத்தது. விருந்துக்கு வந்தவன் மாதிரி தண்ணீர்ச் சொம்பு எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். அத்தாவுல்லா காட்டிய படங்களில் கிட்டத்தட்ட அதே அருவி வந்ததும் வேறெதுவும் யோசிக்கவில்லை. உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று பயந்துதான் கேட்கவில்லை. அது தப்பு.

மானும் மயிலும் இருக்கிற டைல்ஸை மட்டும் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் உன் இலை டைல்ஸை வைக்கச் சொல். அருவி மட்டும் இருக்கட்டுமே. உயிரில்லாத தண்ணீர்தானே, அத்தாவுக்கும் சங்கடம் இருக்காது.

என்ன சொல்கிறாய்?

உன் மஹீன்

சாத்தாங்காடு
24.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்தபோது சுவரில் ஒன்றும் இல்லை. என் கடிதமும் இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். படித்துவிட்டு நீங்கள் பத்து நாளாக சைமாவிடம் மட்டும் பேசி வைத்துவிடுகிறீர்கள்.

நான் அழுதேன். அழுதுமுடித்ததும் இன்னும் கோபம் வந்தது. பதினோரு வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறோம். தலைமாட்டில் என்ன படம் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்ல ஒருவருக்கு இத்தனை வருஷமா? லீவில் நீங்கள் புரண்டு புரண்டு படுத்தபோதெல்லாம், என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று நானும் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். தெரிந்திருந்தால் அருவியையாவது காப்பாற்றியிருப்பேன். இதற்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீங்களும் கேட்கவேண்டாம்.

இலை டைல்ஸையும் நான் ஒட்டவில்லை. பெட்டியோடு அத்தாவுல்லா பாய் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். சுவர் வெறும் சிமெண்டாக இருக்கிறது. மாமா நாற்காலியை ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டார், நிம்மதியாகத் தொழுகிறார். நீங்கள் லீவு போட்டு வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போவோம். அதுவரை அந்தச் சுவரில் நான் ஒரு ஆணிகூட அடிக்கப்போவதில்லை.

மலிகா