சரிந்த வாசலில் ஒயில் பார்த்தது

மார்ச் 3, சனி

காலையில் தூறல், பிறகு வெயில். வண்டிக்கு ஒயில் பார்க்கிற நாள். அளவுக்கம்பியை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி எடுத்தால் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலேதான். போன வாரமும் இப்படித்தான். அரைக் கோப்பை ஊற்றினேன். பரமேஸ் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. சொன்னால் பந்தயம் வேண்டாம் என்பாள்.

ஒயில் குறைகிறது, பின்னால் நீலப் புகை. என்ஜின் தேய்ந்துவிட்டது போல. இறக்குமதி நின்றதிலிருந்து இந்தக் காருக்குச் சாமான் இங்கே பதுளையில் இல்லை, கொழும்பிலும் இல்லை.

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்து ரோட்டில் மலையேற்றப் பந்தயம், அடுத்த ஞாயிறு கழித்து. பரமேஸ் மூன்றாவது வருடமாக ஓட்டுகிறாள். மற்றவர்களில் பாதிப் பேர் அதற்கென்றே ஒரு கார் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இது ஒன்றுதான். இதிலேதான் தினமும் லுணுகலைக்குப் போய்க் கணக்குப் படிப்பித்துவிட்டு வருகிறாள்.

ஜனவரியில் இடமாற்றம் வந்தபோதே பள்ளி அதிபர் ஆசிரியர் விடுதியில் ஓர் அறை தருவதாகச் சொன்னார். வண்டி இருக்கிறது, போய் வருவேன் என்று விட்டாள். வண்டி போனால் அந்த அறைதான். அவள் அங்கே, நான் இங்கே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷன் பெண்சாதி. இந்த வயதில்.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், பேனா மை, ஒயில்.

மார்ச் 6, செவ்வாய்

வெயில். நகரசபைக் கூட்டம், தண்ணீர்க் குழாய் பற்றி இரண்டு மணி நேரம். பத்திரிகைக்குச் செய்தி நான்கு வரி.

திரும்பும்போது கடைவீதியில் நூஹு நானாவின் மோட்டார் சாமான் கடை. ஒயில் டின் ஒன்றை எங்களுக்கென்று அடியில் ஒளித்து வைத்திருந்தார். போன வாரம் வாங்கினது அதற்குள் முடிந்துவிட்டதா என்றார். வண்டி குடிக்கிறது என்றேன்.

"குடிக்கிதா, நீங்க குடுக்கிறீங்களா சேர்? மருமகனக்கூட ஒருத்தரும் இப்பிடி விழுந்து விழுந்து பாக்கிறதில்ல."

சிரித்துவிட்டு வந்தேன். டின்னை விறகுக்குப் பின்னால் வைத்தேன். அங்கே பாதி காலியான இன்னொரு டின். நான் வாங்கியதாக ஞாபகமில்லை. வயதாகிறது.

மார்ச் 9, வெள்ளி

மாலையில் பலத்த மழை. செய்திக் கட்டை ரயிலில் போடப் பரமேஸ் என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். வழியில் புகை. சிவப்பு ஒயில் லைட் இரண்டு தடவை மின்னி அணைந்தது. இருவரும் பார்த்தோம்.

கட்டைக் கொடுத்துவிட்டு, என்ஜின் ஆறட்டும் என்று சற்றுக் காத்திருந்து, சாமான் கொட்டகைக்கு முன்னால் மூடியைத் திறந்து கம்பியை எடுத்தேன். ஒயில் மேல்கோட்டுக்கும் மேலே இரண்டு விரல். துடைத்து மறுபடி விட்டேன். அதே அளவு. கம்பியில் நுரை வேறு.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கம்பியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பிறகு என்னை.

"இஞ்சேருங்கோ, நீங்கள் வீட்டில ஒயில் விட்டனீங்களோ?"

"கொஞ்சந்தான். சனிக்கெழம சனிக்கெழம."

"நானும் கொஞ்சம்தான். புதன்கிழமையில."

எங்கள் வாசல் சரிவு. வண்டி எப்போதும் மூக்கை மேலே தூக்கித்தான் நிற்கும். கம்பி இருப்பது என்ஜினின் முன்பக்கம். ஒயில் பின்னால் ஓடிவிட, கம்பியில் குறைவாகத் தெரியும். ஸ்டேஷன் முற்றம் கோடு போட்டதுபோல் சமதரை. இருபத்தைந்து வருடமாக ஆட்களின் தலைப்பெழுத்தைக்கூட இரண்டு தரம் கேட்டு எழுதுகிறவன் நான். அவள் கணக்கு ஆசிரியை. ஒருவருக்கொருவர் தெரியாமல், வாசல் சரிவு என்ற நினைப்பும் இல்லாமல், மாற்றி மாற்றி ஊற்றியிருக்கிறோம்.

போர்ட்டர் ஒருவர் வந்து என்ன ரிப்பேர் என்றார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் மூடியைச் சாத்தினேன்.

மார்ச் 10, சனி

வானம் மப்பு. நூஹு நானாவின் கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகை சமதரை. அங்கே கூடுதல் ஒயிலை இறக்கினோம். ஒரு போத்தல் நிறைந்து மேலும் வந்தது. நிறைய இருந்ததால் சுழலும் தண்டு அதில் அடிபட்டு நுரை கிளப்பியிருக்கிறது. நுரையைப் பம்பு உறிஞ்சினால் லைட் மின்னாமல் என்ன செய்யும்? நானா மருமகன் கதையை மறுபடி எடுத்தார்.

புகை நின்றது. என்ஜின் தேயவில்லை. பரமேஸ் பொனெட்டைத் தடவிக் கொடுத்தாள்.

பிறகு ஸ்பிரிங்வெளி ரோட்டில் வேகமாக ஒரு ஓட்டம். இடப்பக்க வளைவுகளை இறுக்கிப் பிடித்தால் லைட் ஒரு கணம் எரிகிறது. நேரானதும் அணைகிறது. இது வேறு காரணம்: வளைவில் ஒயில் தொட்டியின் ஒரு பக்கமாக ஏறிவிடுகிறது, பம்பின் வாய்க்குக் காற்றுதான் கிடைக்கிறது. அந்தக் கணத்தில் என்ஜின் முழு வேகத்தில் சுழன்றால் பெயாரிங் போகும். ஊருக்குப் போய் வருகிற ஓட்டத்தில் இது நடக்காது. பந்தயத்தில் நடக்கும்.

முடிவு: பந்தயத்தன்று மட்டும் மேல்கோட்டுக்குச் சற்று மேலே, கால் கோப்பை. அதற்கு மேல் கூடாது. ஊற்றுவது நான் மட்டும். லைட் எரிந்தால் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பேன் என்று அவளாகவே சொன்னாள்.

விறகுக்குப் பின்னால் இருந்த அரை டின் அவளுடையது.

மார்ச் 18, ஞாயிறு

அப்புத்தளை. விடியற்காலையில் முன்னால் போகிற லொறி தெரியாத பனி. குளிரில் ஒயில் தேன்போல் தடித்திருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைக் கட்டி, சும்மா ஓடவிட்டுச் சூடாக்கினோம். தோட்டத்து ஆட்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களம் சமதரை, கம்பியை அங்கே பார்த்தேன். சரியாக இருந்தது. பரமேஸ் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறினாள். கையில் ஒயில், நெற்றியிலும்.

வீதியில் ஓடும் கார்களுக்கு இரண்டு ஓட்டம், நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஓட்டத்தில் இரண்டாவது வந்தாள். கண்டி டாக்டர் ஒருவர் மட்டும் முன்னால், அதுவும் மயிரிழை. லைட் எப்படி என்றேன். தண்ணீர்த் தொட்டி வளைவில் மின்னியது என்றாள். முதல் ஓட்டத்தில் அந்த வளைவை அடக்கித்தான் எடுத்திருக்கிறாள். இறங்கி வந்ததும் உடனே நிறுத்தாமல் என்ஜினை ஆறவிட்டோம். அவள் முகத்தைப் பார்த்தேன். ஜெயிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

சொல்லிவிட்டேன்.

"லைட்டப் பாக்காத. ரோட்ட மட்டும் பாரு. வண்டி போனாப் போகுது."

"பாப்பம்," என்றாள்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் போய் நின்றேன். தோட்டத்து லயன் வீடுகளின் சனம் முழுவதும் ரோட்டுக் கரையில். பக்கத்தில் ஒரு பெண் தோழியிடம்: "டீச்சரம்மா வர்றாங்கடி, வெலகு." கீழே பனிக்குள் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது, முன்னைவிட வேகம். வளைவுக்குள் நுழைந்தாள். நடுவில் சத்தம் தணிந்தது. ஒரு மூச்சு நேரம். பிறகு மறுபடி ஏறியது.

"பயந்துட்டாங்க போல," என்றாள் அந்தப் பெண்.

நான்காவது இடம்.

திரும்பும் வழியில் அவளே ஓட்டினாள், நிதானமாக. பண்டாரவளை தாண்டியதும் கேட்டேன், நான்தான் பார்க்காதே என்றேனே.

"லுணுகலையில அந்த அறையைப் பாத்தனான். ஒரு யன்னல்கூட இல்லை."

கொஞ்ச தூரம் போய்: "உங்களுக்குச் சோறு வடிக்கவும் தெரியாது."

வீட்டுக்கு முன் நானாவின் கொட்டகை. சூட்டோடு ஒயில் முழுவதையும் இறக்கி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிப் பார்த்தோம். உலோகத்தூள் மினுமினுத்தால் பெயாரிங் போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்து இருவரும் குனிந்து பார்த்தோம். தலை மோதியது. கறுப்புத்தான். மினுக்கம் இல்லை. புது ஒயில், மேல்கோடு வரை, அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை.

செய்தி எழுதியாகிவிட்டது. முதல் மூன்று பெயர். நான்காவது பெயர் போடுகிற வழக்கம் பத்திரிகையில் இல்லை. இங்கே போடலாம்: நான்காவது, பரமேஸ்வரி.

மார்ச் 19, திங்கள்

காலையில் நல்ல வானம். பரமேஸ் பள்ளிக்குப் போகும்போது நெற்றி ஒயில் இன்னும் போகவில்லை. சொல்லவில்லை, அழகாக இருந்தது.

அரசாங்கக் கச்சேரியில் செய்தி ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் மழை, அவள் வரும் பசறைப் பக்கம் இருட்டு. கந்தோரில் இருக்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ரோட்டில் ஒரு பஸ் சத்தம். ஒரு லொறி. இன்னொரு பஸ்.

இதோ, கீழ்த் திருப்பத்தில் கியர் மாற்றுகிறாள். சுத்தமான சத்தம். கேத்தலை வைக்க வேண்டும்.