காபிரியேலுக்கு ஒட்டிய சிறகு

டிச. 16, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து நேராகச் சர்ச். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஐந்தே நாள். ஏரோது ராஜாவுக்கு வசனம் வரவில்லை. ஆடுகள் மூன்றுக்கும் சளி. ஷீபா மட்டும்தான் உருப்படி. எட்டு வயசு, காபிரியேல் தூதன் வேஷம். அவள் கையைத் தூக்கிப் பேசினால் கத்துகிற பசங்களும் அடங்கிவிடுகிறார்கள்.

பாக்கி: சிறகு ஆறு ஜோடி, நட்சத்திரம், ஏரோதுக்குத் தாடி.

டிச. 18, வியாழன்

மழை விடவில்லை. சாரல் அடித்தது, ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு. கம்பெனியில் கழித்துப்போட்ட லைனிங் துணி, ஒரு டப்பா சொல்யூஷன், ஷூ ஒட்டுகிற பசைதான், கொண்டுபோனேன். தைத்தால் எப்போது முடிப்பது? ஒட்டினேன். காய்வதற்குள் மாட்டணும் என்று ஷீபா அடம். மாட்டிவிட்டேன். அவ்வளவு அழகு. ஒரு மணி நேரம் ஒத்திகை.

"இன்னாமோ நாத்தம் டீச்சர்."

"தல வலிக்குது டீச்சர்." இது ஷீபா.

"வசனத்த சொல்லு, சரியாப்பூடும்."

டிச. 19, வெள்ளி

ஷீபாவுக்கு வீசிங். வேலூர் ஆஸ்பத்திரி, ஐ.சி.யூ. அரை நாள் லீவு போட்டு ஓடினேன். அவள் அம்மா ரோஸி என்னோடு பேஸ்டிங் செக்‌ஷனில்தான், பசை பூசுகிற வேலை, பக்கத்து டேபிள்.

டாக்டர்: "பெயின்ட், புகை, ஏதாச்சும் மூச்சுல போச்சா?"

ரோஸி: "இல்ல சார், சர்ச்சுலதான் இருந்தா. மழ ஒத்துக்கல."

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஆம்பூர் வரும்வரை பஸ்ஸில் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. பதினாலு வருஷம் அந்தப் பசையிலேயே கிடந்த மூக்கு.

டிச. 20, சனி

மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்களாம். மெஷின் மூச்சு. பாஸ்டர்: "வேற புள்ளைய போட்டுடுங்க, புரோகிராம் நிக்கக் கூடாது." போட்டேன். அதற்கு மூன்று வரி வரவில்லை, பாவம், அதன்மேல் எரிந்து விழுந்தேன். சிறகு எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். ஏன் என்று பசங்க கேட்டார்கள். சொல்லவில்லை. பயம். வேறென்ன.

டிச. 21, ஞாயிறு

சாயங்காலம் நாடகம். விடிந்ததும் வேலூர் பஸ். டாக்டரிடம் பசை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டார். "முதல் நாளே சொல்லியிருக்கணும்மா."

அப்புறம் ரோஸி. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும். ஐ.சி.யூ கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி கூட்டினு போக நான் உள்ள வந்தேனேக்கா. சிறகோட தூக்கி முத்தம் குடுத்தேன். எனக்கும் ஒண்ணும் தெரியலியே."